பந்தை நிறுத்திய கை

குருவிகுளம் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சங்கரன்கோவில் பின்னால் கிடந்தது. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தேன். நிச்சயமாகத் தெரியாது என்ற தூரம் வந்த பிறகு திரும்பினேன். கரிசல் காட்டுக்கு மேலே வெறும் வானம் இருந்தது. தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு சோடி கான்வாஸ் ஷூ. ஹாக்கி மட்டையை எடுத்து வரவில்லை.

ஊரை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து உப்பளம், லாரியில் கிளீனர், மலையில் ஏலக்காய்த் தோட்டம், கல் குவாரி என்று ஒவ்வொன்றாக விட்டு நடந்தவன்தான். யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு போனதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் அரிக்கும், போய்விடுவேன். அப்படிப் போகும்போதெல்லாம் நடை லேசாக இருக்கும். அந்த முறை அப்படி இல்லை.

அன்று தொடங்கிய நடை எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மாவுக் கட்டுப் போடும் அறையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இப்போது மாவு குழைப்பதில்லை. பைபர் சுருள் வந்துவிட்டது, தண்ணீரில் முக்கிச் சுற்றினால் நொடியில் இறுகுகிறது. அவர்களில் செல்வி என்ற பெண் போன மாதம் என்னைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க கட்டுப் போட்டு முடிச்சாலும் ஆளை வீட்டுக்கு விட மாட்டீங்களாமே? அரை மணி நேரம் பெஞ்சில உக்கார வச்சு விரலையே பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு சொல்லுதாங்க. டாக்டர் போகச் சொன்னாக்கூட விட மாட்டீங்களாம். அது எதுக்கு?”

“ஒரு நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன். வாயால் சொல்லி முடியாது என்று தோன்றியது.

சங்கரன்கோவிலுக்கு நான் போனது ஆடி மாதத் திருவிழாவில் கடை போட்டவர் ஒருவருக்குக் கூட்டாளியாக. திருவிழா முடிந்ததும் அவர் போய்விட்டார். நான் நெசவாளர் தெருவில் பாவு நீட்டும் வேலைக்குப் போனேன். விடியற்காலையில் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தூரிகையால் தடவி, வெயில் வருவதற்குள் காயவிட வேண்டும். கஞ்சி குடித்த நூல் காய்ந்தால் கம்பி மாதிரி விறைத்துவிடும். அப்போதுதான் தறியில் அறுகாமல் ஓடும். அந்தத் தெருவில் எனக்கு முதலில் பழக்கமானவன் சங்கரலிங்கம். எல்லோரும் லிங்கம் என்போம். என் வயதுதான். குழித்தறியில் சேலை நெய்வான். அவன்தான் ஒரு சாயங்காலம் என்னைக் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனான்.

அந்த வட்டாரத்தில் ஹாக்கி பெரிய பைத்தியம். கோவில்பட்டிப் பக்கம் சின்னப் பையன்கள்கூட வேலிக் கருவைக் கம்பை வளைத்து வைத்துக்கொண்டு விளையாடுவார்கள். எங்கள் அணியில் நெசவாளிகள், ஒரு தபால்காரர், பூச்சந்தையில் மூட்டை தூக்கும் இருவர், இரண்டு கல்லூரிப் பையன்கள். ஷூ எல்லோருக்கும் கிடையாது. கிரவுண்டு சரளை மண். அதில் விழுந்து எழுந்தால் முழங்காலில் தோல் இருக்காது. ஹாக்கியை வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஓட்டம் மட்டும்தான் தெரியும். எழுபது நிமிடமும் இடுப்பை மடக்கியே ஓட வேண்டும். முதல் மாதம் எனக்குக் குளிக்கக் குனிய முடியவில்லை. மட்டையின் அதிர்ச்சி உள்ளங்கையில் ஏறி முழங்கையில் நிற்கும். கால் எலும்பில் பந்து பட்ட இடத்தில் முட்டை அளவு வீங்கும். கட்டைவிரல் நகம் கறுத்து, இரண்டு மாதத்தில் கழன்று விழுந்து, புதிது முளைக்கும். அது முளைப்பதற்குள் அதே இடத்தில் மறுபடி அடி விழும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. வெயிலைப் பற்றி யார் பேசுகிறார்கள், அது மாதிரி.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் தேவசகாயம் சார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மூட்டை தூக்குகிறவனையும் கல்லூரிப் பையனையும் ஒன்றுபோல ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அவர் கண்ணாடியைத் தொட்டால் மைதானமே அடங்கிவிடும்.

மேட்ச் முடிந்ததும் யாரும் வீட்டுக்கு ஓடிவிட முடியாது. எல்லோரும் பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு வரிசையாக உட்கார வேண்டும். சார் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வருவார். முழங்காலை மடக்கச் சொல்வார். கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்புவார். தலையில் அடிபட்டவனிடம் கிழமை கேட்பார். “இன்னைக்கு என்ன கிழமை?” என்று தபால்காரரைக் கேட்டபோது, “ஞாயித்துக்கிழமை சார், இல்லாட்டி நான் இங்கன எப்படி உக்காந்திருப்பேன், தபாலுக்கில்லா போயிருப்பேன்” என்றார் அவர். சார் சிரிக்கவில்லை. “சரி, ஊர்ப்பேரைச் சொல்லுங்க” என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

சுளுக்குக்கு எல்லோரும் வீட்டில் புளியும் உப்பும் காய்ச்சிச் சூடாகப் பற்றுப் போடுவார்கள். முதல் நாள் சூடு ஆகாது என்று சார் தடுப்பார். சர்பத் கடையிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி வரவழைத்து அவரே பிடித்துக்கொண்டிருப்பார். துணிக்கட்டுப் போட்டால் விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். கட்டி முடித்ததும் நகத்தை அழுத்தி விடுவார். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவப்பு ஓடி வர வேண்டும். வரும் வரைக்கும் அவர் அடுத்த ஆளுக்குப் போக மாட்டார். நான் பக்கத்தில் ஐஸ் சாக்கோடு நின்று நூறு தடவை அதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அணியில் இரண்டு வேலை. ஒன்று, கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கும் ஃபுல் பேக்காக ஆடுவது. இன்னொன்று, உடைந்த மட்டைக்குக் கட்டுப் போடுவது. மட்டை கழுத்தில் விரிசல் விட்டால் தூக்கிப் போடும் வசதி எங்களுக்கு இல்லை. பாவு வேலையில் கற்றதை நான் அதில் காட்டினேன். மூன்று இழை நூலை முறுக்கிக் கஞ்சியில் ஊறவைப்பேன். விரிசலுக்குக் கீழேயிருந்து ஆரம்பித்து, இழைக்கு இழை இடைவெளி விடாமல், ஈரமாகவே இழுத்துச் சுற்றுவேன். கடைசி முனையைச் சுற்றுக்கு அடியில் செருகி இழுத்து விட்டால் முடிச்சே தெரியாது. பிறகு காய வேண்டும். காயக் காய நூல் சுருங்கி மரத்தை நெரித்துப் பிடிக்கும். என் கட்டு அவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை. ஏழாம் வகுப்புப் படித்தவனுக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்தது அதனால்தான். கோவில்பட்டியிலிருந்துகூட மட்டை கொடுத்தனுப்புவார்கள்.

எதிரணி தன் கோலுக்கு முன்னால் தவறு செய்தால் ஷார்ட் கார்னர் கிடைக்கும். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தை வெளியே தள்ளுவார். அரைவட்டத்தின் விளிம்பில் ஒருவர் அதைக் கையால் நிறுத்துவார். பின்னாலிருந்து ஓடிவருபவர் நின்ற பந்தை அடிப்பார். இப்போது கையால் நிறுத்தக் கூடாது, விதியை மாற்றிவிட்டார்கள். அன்று அது உண்டு. எங்கள் அணியில் அடிப்பவன் நான். நிறுத்துபவன் லிங்கம்.

அவன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, வலது கையில் மட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, இடது கையை மண்ணில் விரித்து வைப்பான். பந்து சரளையில் துள்ளித் துள்ளி வரும். பிடிக்கக் கூடாது, தடுக்க மட்டும் வேண்டும். கோலில் இருந்து நான்கு பேர் மட்டையோடு அவன் மேல் பாய்ந்து வருவார்கள். அவன் அவர்களைப் பார்க்கவே மாட்டான். பந்து கையில் பட்டு, ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், செத்தது மாதிரி நிற்கும். “இந்தா” என்று சொல்லிக் கையை எடுப்பான். அவன் சொல்லும்போது என் மட்டை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். அவன் கை எடுத்த இடத்துக்கும் என் மட்டை வந்த இடத்துக்கும் நடுவே ஒரு கண் சிமிட்டல்கூட இருக்காது. நான்கு வருடத்தில் ஒரு முறைகூட என் மட்டை அவன் கையைத் தொட்டதில்லை.

பிறகு எத்தனையோ ஊரில் இருந்துவிட்டேன். கல்யாணம், பிள்ளை, ஓய்வு எல்லாம் ஆயிற்று. யாராவது எதையாவது கையில் கொடுத்து “இந்தா” என்று சொன்னால் இன்றைக்கும் என் தோள் மட்டையை ஓங்குவதுபோலப் பின்னால் போகிறது. அந்தப் பந்து அப்படி நின்றதை மறுபடி ஒரு முறை பார்க்க முடியுமானால் கட்டாந்தரையில் இன்னும் பத்து வருடம் ஓடுவேன்.

லிங்கத்தின் இடது கைதான் தறியில் இழை முடிகிற கை. நூல் அறுந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு உருட்டு உருட்டினால் முடிச்சு விழும். ஒரு சேலைக்குள் அப்படி எத்தனையோ முடிச்சு. அவன் வீட்டில் அவன், மனைவி பேச்சி, இரண்டு சின்னப் பிள்ளைகள். தறி ஒன்று. அந்தக் கையைத்தான் அவன் சரளையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தான். பேச்சி இதற்காக அவனோடு பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. “பந்தைத் தடுக்கதுக்கு வேற கையே ஊர்ல இல்லையா?” என்று என்னிடம் கேட்பாள். நான் சிரித்து வைப்பேன்.

அந்த வருடப் போட்டி எங்கள் கிரவுண்டிலேயே நடந்தது. வெள்ளிக்கிழமை அரையிறுதி, ஞாயிறு இறுதி. சார் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருந்தார், திங்கள்கிழமைதான் வருவார். அரையிறுதியின் கடைசி ஷார்ட் கார்னரில் பந்து ஒரு கல்லில் பட்டு எழும்பியது. லிங்கத்தின் ஆள்காட்டி விரல் நுனியில் நேராக மோதியது. பந்து நிற்காமல் விலகிப் போனது. அவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். அதில் யார் தவறும் இல்லை.

ஆட்டத்தில் வென்றுவிட்டோம். சுவரில் உட்கார்ந்தபோது விரலின் நடு மூட்டு எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. நுனி கொஞ்சம் கோணியிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன்.

“போனா மாவுக்கட்டைப் போட்டு ஒரு மாசம் தூக்கிக் கட்டிருவான். தறியில பாதிச் சேலை நிக்கி. நாளைக் கழிச்சு மேட்ச்சு. நீ கட்டு வே.”

“எனக்கு என்ன தெரியும்?”

“ஸ்டிக்குக்குக் கட்டுத மாதிரியே கட்டு. உன் கட்டு அவுந்து நான் பாத்ததே இல்ல.”

அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க, அவன் வீட்டிலேயே கஞ்சியும் நூலும் எடுத்தேன். மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி விரலுக்கு அடியில் வைத்தேன். கோணலை நேராக்க அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். விரலின் அடியிலிருந்து ஆரம்பித்து, இழைக்கு இழை இடைவெளி விடாமல், ஈரமாகவே இழுத்துச் சுற்றினேன். மட்டையின் முனையை மூடுவதுபோல நகத்தையும் சேர்த்து மூடினேன். முனையைச் செருகி இழுத்தேன். அழகான கட்டு. தபால்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவனை விட்டா ஆளையே ஸ்டிக் ஆக்கிருவான்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சனிக்கிழமை காலையில் போனேன். லிங்கம் தறிக் குழிக்குள் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்க விரல் வலியில் தெறித்தது என்றான். முகம் வெளுத்திருந்தது.

“அவுத்திரவா?”

“அவுத்தா மறுபடி கோணிக்கிடும். இப்ப பிடிச்சு நிக்கில்லா. இருக்கட்டும்.”

இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சாயங்காலம் அவனே என்னைத் தேடி வந்தான். முகம் தெளிந்திருந்தது.

“வலி போயிட்டு வே. சுத்தமா இல்ல. மரம் மாதிரி இருக்கு, தட்டிப் பாரு.”

மட்டைக் காம்பால் மெல்லத் தட்டினேன். அவன் கண்கூட இமைக்கவில்லை. கட்டு பிடித்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அணியில் இருந்த அத்தனை பேருக்கும் சந்தோஷம். ஒருவருக்குக்கூட வேறு மாதிரித் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த கட்டு மட்டையின் கட்டு. மட்டை வலிக்கிறது என்று சொல்வதில்லை, அதனால் வலிக்காத விரல் நன்றாக இருக்கிற விரல்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் கோவில்பட்டிக்காரர்களோடு. சுற்றிலும் சைக்கிள் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தது. லிங்கத்தின் உடம்பு சுட்டது. தோளைத் தொட்டபோது தெரிந்தது, ஓடின சூடு என்று நினைத்துக்கொண்டேன். அவன் முழங்காலை ஊன்றினான். பந்து வந்தது. அந்த மரக் கையில் பட்டு நின்றதைப்போல எந்தப் பந்தும் என் வாழ்நாளில் நின்றதில்லை. “இந்தா” என்றான். நான் அடித்தது கோல் பலகையின் இடது மூலையில் மோதிய சத்தம் இன்னும் கேட்கிறது. ஒன்றுக்குப் பூஜ்யம். அவனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தோம். கட்டுப் போட்ட விரலை அவன் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தான்.

என் வாழ்க்கையின் மிக நல்ல சாயங்காலம் அதுதான். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அதுதான்.

திங்கள்கிழமை காலை சார் பஸ் இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாங்கள் சேதி சொல்லக் காத்திருந்தோம். அவர் நாங்கள் வென்ற கோப்பையைப் பார்க்கவில்லை. லிங்கத்தின் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யார் கட்டுனது?”

“நான் சார்.”

“எப்போ?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

பிளேடு கேட்டார். நூல் இறுகி ஓடாகியிருந்தது, பிளேடு சறுக்கியது. வெந்நீர் வரவழைத்து ஊறவைத்தார். ஒவ்வொரு இழையாக நெம்பி அறுத்தார். அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி அவிழ்ந்தபோதே வாடை வந்துவிட்டது. உள்ளே விரல் அடிவரைக்கும் கறுப்பாக இருந்தது. சார் நகத்தை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார். எந்த நிறமும் மாறவில்லை. அவர் கை மட்டும் அதே இடத்தில் நெடுநேரம் இருந்தது.

“நல்லாத்தான் கட்டியிருந்தான் சார்” என்றான் லிங்கம். “வலியே இல்ல.”

சார் திருநெல்வேலி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். லிங்கத்தின் தோளில் கை போட்டு எழுப்பினார். நானும் கிளம்பினேன்.

“நீங்க வர வேண்டாம்” என்றார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார். “சுடலை, நூல் காஞ்சா சுருங்கும். அது உங்களுக்குத் தெரியும். அடிபட்ட விரல் வீங்கும். அதுவும் உங்களுக்குத் தெரியும். ரெண்டையும் ஒண்ணா நினைச்சுப் பாக்கல, அவ்வளவுதான்.”

திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு வாரம் கழித்து லிங்கம் ஊருக்கு வந்தான். வந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். தறியின் சத்தம் வாசலிலேயே கேட்டது, ஆனால் தொடர்ந்து கேட்கவில்லை. நாலு அடி அடிக்கும், நிற்கும்.

உள்ளே போனபோது அவன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். கட்டைவிரலும் நடுவிரலும். உருட்டினான், நூல் நழுவியது. உருட்டினான், நழுவியது. மூன்றாவது முறை முடிச்சு விழுந்தது, இழுத்தபோது அவிழ்ந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“இந்த நடுவிரல் இத்தன வருசம் சும்மா உக்காந்து தின்னுச்சுல்லா. இப்பதான் அதுக்கு வேலை வந்திருக்கு. பழகலை, அதான் முறைக்கி.”

நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்தேன். “லிங்கம்” என்றேன்.

“நான்தானவே கட்டச் சொன்னேன்” என்றான். “விடு.”

பேச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். அவள் தட்டை எடுத்து வைத்து, “சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி” என்றாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். போய் அவன் பக்கத்தில் குத்தவைத்து, அறுந்த இழையை அவன் விரலிலிருந்து வாங்கி அவளே முடிந்தாள். தறி ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இனி ஒவ்வொரு இழைக்கும் அவள் அங்கே உட்கார வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. தட்டில் இருந்ததை முழுக்கத் தின்று முடித்தேன். கை கழுவிவிட்டு வந்து என் அறையில் பையை எடுத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் நடந்துவிட்டேன்.

அதன் பிறகு சங்கரன்கோவிலைப் பஸ் ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. லிங்கம் நடுவிரலைப் பழக்கிக்கொண்டு தறியை விடாமல் ஓட்டினான் என்று பல வருடம் கழித்து ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்காமல் விட்டேனே தவிர, அந்த நெசவாளர் தெருச் சாயங்காலமும், சுவரில் தொங்கிய கால்களும், மண்ணில் விரித்து வைத்த அந்தக் கையும் இல்லாமல் நான் தூங்கிய நாள் குறைவு.

ஊரை விட்டு நடந்த அன்று, குருவிகுளம் தாண்டியதும் ஒரு வேலிக்கருவை நிழலில் ஆட்டுக்கிடை நின்றது. கிடைக்காரர் ஒரு வெள்ளாட்டை மடக்கிப் போட்டு அதன் மேல் முழங்காலை வைத்திருந்தார். கரிசல் வெடிப்புக்குள் காலை விட்டு ஒடித்துக்கொண்ட ஆடு அது.

“ஏ தம்பி, சும்மாதானே போற. இங்கன வந்து ஒரு கை பிடி.”

போய்ப் பிடித்தேன். அவர் இரண்டு கருவைச் சிம்பையும் ஒரு கிழிந்த துணியையும் எடுத்தார்.

“நான் காலை இழுத்துப் பிடிக்கேன். நீ துணியைச் சுத்து.”

துணியைக் கையில் வாங்கினேன். கை அசையவில்லை.

“நான் இழுத்துப் பிடிக்கேன். நீங்க சுத்துங்க” என்றேன்.

“ஏன், உன் கைக்குப் பூட்டுப் போட்டிருக்கா?” என்று அவர் துணியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் சுற்றியது தளர்வாக இருந்தது. சுற்றுக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டார். குளம்பு முழுக்க வெளியே இருந்தது.

“லூசா இருக்கே” என்றேன், என்னை அறியாமல்.

“இறுக்குனா கால் செத்துப்போவும். வலிக்குன்னு சொல்ல ஆட்டுக்கு வாயா இருக்கு?”

லிங்கத்துக்கு வாய் இருந்தது. வலிக்கவில்லை என்று சொன்னான். நான் அந்த ஆட்டின் காலை விட்டுவிட்டு எழுந்தேன். கொஞ்ச தூரம் வரைக்கும் கிடைக்காரர் பின்னாலிருந்து ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பருத்தி லாரி நிறுத்தி ஏற்றிக்கொண்டது.

கோவில்பட்டியில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். காலையில் டீக்கடையில் வேலை விசாரித்தேன். கடைக்காரர் இரண்டு இடம் சொன்னார். ஜின்னிங் பேக்டரியில் பஞ்சுப் பொதி கட்ட ஆள் தேடுகிறார்கள், இறுக்கிக் கட்டத் தெரிந்தவன் போனால் அன்றைக்கே எடுத்துக்கொள்வார்கள். ஊர் ஓரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அங்கே தண்ணீர் எடுத்து ஊற்றுகிற ஆள் நின்றுவிட்டான்.

“உன்னைப் பாத்தா பொதி கட்டுத ஆள் மாதிரிதான் இருக்கு” என்றார்.

“ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும் அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அங்கே எலும்பு முறிவுக்கான அறையில் ஒரு வயதான சிஸ்டர் இருந்தார். கை முழுக்க வெள்ளை மாவு காய்ந்திருந்தது. என் பெயரைக் கேட்டார், படிப்பைக் கேட்டார். ஏழாவது என்றேன்.

“இதுக்கு முன்னால என்ன வேலை பாத்த?”

உப்பளத்தையும் லாரியையும் தோட்டத்தையும் சொன்னேன். பாவு நீட்டியதையும் சொன்னேன்.

“கட்டுக் கட்டத் தெரியுமா? தெரிஞ்சா உள்ள ஒத்தாசைக்கு வச்சுக்கிடலாம். வெளிய தண்ணி எடுக்க வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

“தெரியாது சிஸ்டர்” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இங்க வாரவன் எல்லாம் தெரியும்னு சொல்லிக்கிட்டுத்தான் வாரான்” என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியிலிருந்து இரண்டு வாளிகளைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் அவற்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.